டிரைவரைப் பார்க்க ஒரு கேமரா

கார்ல கேமரா மாட்டுற தொழில்ல வயரை மறைக்கிறதுகூட சுலபம்ங்க, வர்றவங்க பேசுற பேச்சைக் கேட்டுக்கிட்டுக் கோபத்தை மறைக்கிறதுதான் கஷ்டம். தஞ்சாவூர்ல கடை வச்சிருக்கேன். நீங்களும் ஏதாவது ஒரு கல்லாவுக்குப் பின்னாடி நின்னு பல்லைக் கடிச்சவங்களா இருந்தா வாங்க, சேர்ந்து கடிப்போம். இப்ப சொல்லப்போறது எல்லாமே ஒரே ஒரு சாரால வந்த வினை.

ரோடு வேண்டாமாம்

சார் ரிட்டயர்டு ஆபீசர். நன்னிலம் பக்கம் நிலம், இங்க வீடு, புதுக் கார், அதை ஓட்டச் செல்வம்னு ஒரு தம்பி. முன் கண்ணாடியில மாட்டுற கேமரா கேட்டு வந்தார். ரோட்டை நல்லாப் படம் பிடிக்கிறதா ஒண்ணை எடுத்துக் காட்டி, நம்பர் பிளேட் தெரியும், நம்ம வெயிலைத் தாங்கும்னு தொண்டைத்தண்ணி வத்தப் பேசினேன். மனுஷன் காதுலயே வாங்கலை. வண்டிக்கு உள்பக்கமும் படம் பிடிக்கணும், பேச்சும் பதியணுமாம். செல்வம் பக்கத்துலதான் நிக்கிறான். அவன் மூஞ்சிக்கு நேராவே சொன்னார்: "ரோட்டை நான் பார்த்துக்கறேன் பாய். இவன் போன் பார்க்கிறானா, தூங்கி வழியுறானான்னு காட்டுங்க, போதும்."

நாற்காலி

வயரைக் கூரைத் துணிக்குள்ள நுழைச்சு, கதவோர ரப்பருக்குள்ள இறக்கி, ஃபியூஸ் பெட்டி வரைக்கும் கொண்டுபோகணும். பொறுமையான வேலை. சார் முதுகுக்குப் பின்னாலயே நின்னு, கீறல் விழுந்தா சும்மா விடமாட்டேன்னு உயிரை எடுக்கிறார். செல்வம் வெயில்ல நிக்கிறான். நிழல்ல வந்து உட்காருப்பான்னு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். கையில ஸ்க்ரூடிரைவரை வச்சுக்கிட்டு சார் சொன்ன இந்தப் பதிலைக் கேட்கிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது: "உட்கார வச்சுப் பழக்காதீங்க பாய், அப்புறம் நான் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டான்."

பொட்டு

கொஞ்ச நாள்ல சாரோட வீட்டம்மா வந்தாங்க. கேமரா ரிப்பேராம், மட்டமான சாமானைத் தலையில கட்டிட்டேனாம். போய்ப் பார்த்தா, முன்பக்க லென்ஸ் மேல கெட்டியாச் சந்தனம், நடுவுல குங்குமம்! வண்டிக்குப் பூஜை போட்டப்ப கேமராவுக்கும் பொட்டு வச்சிருக்காங்க. சாமி காரியம், நான் எதுவும் சொல்ல முடியுமா? துடைச்சுவிட்டு, இனிமே லென்ஸ்ல வேண்டாம், கேமராப் பெட்டி மேல வைங்கம்மான்னேன். அவங்க துளிகூடச் சங்கடப்படலை. "இதுக்கு நெத்தி எங்க இருக்குன்னு தெரியலை பாய், அதான் நடுவுல வச்சேன்."

நெல்லு காயுற ரோடு

அறுவடை சமயத்துல நம்ம பக்கத்து ரோடு எப்படி இருக்கும்னு தெரியுமே. பாதி ரோட்டுல நெல்லு காயும், ஓரத்துல கல்லை வரிசையா வச்சிருப்பாங்க. நன்னிலத்துலேர்ந்து திரும்புறப்ப சாரோட கார் நெல்லு மேல ஏறிச் சறுக்கி, எதிர்ல வந்த பைக்கை இடிச்சிடுச்சு. பைக்ல வந்த மனுஷன் கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கிறார். செல்வம்தான் ஓட்டினான்னு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தாச்சு. தப்பு பைக் மேலதான்னு காட்ட வீடியோ எடுத்துக் கொடுங்கன்னு சார் செல்வத்தையும் கூட்டிக்கிட்டுக் கடைக்கு வந்தார். லைசென்ஸ் போனா அந்தத் தம்பிக்கு வேற பிழைப்பு தெரியாது. "நீயாப்பா ஓட்டினே?"ன்னேன். கேமராவுலேர்ந்து கழட்டின மெமரி கார்டைத்தான் பதிலுக்கு நீட்டினான்.

கார்டைக் கம்ப்யூட்டர்ல போட்டேன். முன்பக்கம் பூரா மஞ்சள். மறுபடியும் சந்தனம்! வயித்தெரிச்சலோட உள்பக்கப் படத்தைத் திறந்தேன். ஸ்டியரிங்ல சார் உட்கார்ந்திருக்கார். ஒரு கையில போன், அட்டகாசமாச் சிரிச்சுப் பேசுறார். பக்கத்து சீட்டுலேர்ந்து செல்வம், "சார், நெல்லு கிடக்கு சார், மெதுவாப் போங்க"ன்னு கெஞ்சுறான். அடுத்து வண்டி ஒரு குலுக்குக் குலுங்குது. அதுக்கப்புறம் சார் பேசின முதல் பேச்சு, ஐயோ அடிபட்டவனுக்கு என்ன ஆச்சுன்னு இல்லைங்க. "செல்வம், நீ இந்தப் பக்கம் வந்து உட்காரு."

உள்பக்கமும் கேமரா இருக்குன்னு அப்பத்தான் சாருக்கு ஞாபகம் வந்திருக்கு. குரலைத் தாழ்த்திச் சொல்றார்: "அதை மட்டும் அழிச்சிடுங்க பாய். செல்வம் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டான்."

சாவி

வீட்டுப் பிள்ளையாம்! நாற்காலியில உட்காரக் கூடாத பிள்ளை, ஜெயிலுக்கு மட்டும் போகலாமா? மாட்டுறதுதான் என் தொழில், அழிக்கிறது இல்லைன்னு கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். கார்டை உருவிச் செல்வத்தோட கையில வச்சேன். "யோவ், அது என் கார்டு"ன்னு சார் பாய்ஞ்சார். செல்வம் அசையலை. கார்டைச் சட்டைப் பையில போட்டான். கார் சாவியை எடுத்துச் சார் முன்னாடி நீட்டினான். மரியாதை குறையாமத்தான் கேட்டான்: "ஸ்டேஷனுக்குப் போகணும் சார். நான் ஓட்டட்டுமா, இல்ல நீங்களே ஓட்டுறீங்களா?"

இப்பல்லாம் டிரைவரைக் கண்காணிக்கக் கேமரா வேணும்னு யார் வந்தாலும், வண்டியை நீங்க ஓட்டுற வழக்கம் உண்டான்னு கேட்டுக்கிட்டுத்தான் பெட்டியைப் பிரிக்கிறேன்.