ஜாடையக்கா நேராகப் பேசிய கதை

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் எடுத்துக் காட்டும் ஜாடையக்காவுக்கு, "தண்ணி குடுங்க" என்று கேட்டுப் பழக்கமே கிடையாது. "இந்த வெயிலுக்கு நாக்கு போய் மேல ஒட்டிக்குது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவர் எழுந்து போகாது. பக்கத்தில் இருக்கிறவர் போவார்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அம்மாவின் வளர்ப்பு அப்படி. அந்த வீட்டில் எதையும் நேராகச் சொன்னால் அதற்குப் பெயர் திமிர். கதவைச் சாத்த வேண்டுமென்றால் அம்மா, "கொசுவுக்கெல்லாம் நம்ம வீட்டு அட்ரஸ் எப்படித்தான் தெரியுதோ" என்பார். அப்பா எழுந்து போய்ச் சாத்துவார். மகளுக்குப் பசித்தால் ஒரு தட்டை எடுத்து, அது தேயும்வரை துடைப்பாள். இப்படி வாயைத் திறந்து எதையும் கேட்காமலேயே மூன்று பேரும் சௌக்கியமாகக் குடித்தனம் நடத்தினார்கள்.

சிக்கல் வெளியில்தான் வந்தது. கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. முதலாளியோ வேறு ஊரில் கிளை திறக்கிறார். மாதக் கடைசியில் லென்ஸ்காரர் அங்கே போகிறார். அதற்குள் அவர் வாயிலிருந்து கல்யாணப் பேச்சை வரவழைத்தாக வேண்டும். தானே கேட்டுவிடலாமே என்று ஒரு யோசனை எட்டிப் பார்த்தபோது, நடுத்தெருவில் நின்று பல் தேய்க்கச் சொன்னதுபோல அவளுக்குக் கூசிப்போயிற்று.

ஆகவே ஜாடை போட்டாள். சாயங்காலமானால் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றாள். மறுநாள் அவர் ஒரு பழைய ரேடியோவைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். வயசு அது பாட்டுக்கு ஓடுகிறது என்று பெருமூச்சு விட்டாள். அவர் பதறிப்போய் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்வையைச் சோதித்தார். தோழியின் கல்யாணப் பத்திரிகையை நீட்டி, எல்லாருக்கும் ஒரு வேளை வந்துவிடுகிறது பாருங்கள் என்றாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எழுத்து ரொம்பப் பொடிசாக இருக்கிறது, வயசானவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று வருத்தப்பட்டார்.

அந்தக் கடையின் அகராதியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். படிக்கிற கண்ணாடி வாங்க வருகிறவர்களைச் சோதிக்க மற்ற கடைகளில் அட்டை இருக்கும். இந்த முதலாளி தடித்த ஆங்கில அகராதி ஒன்றை வைத்திருந்தார். எழுத்து எறும்பு சைஸ். முதுகு பிய்ந்துபோனதால் எப்படித் திறந்தாலும் ஒரே பக்கத்தில்தான் விழும். அந்தப் பக்கத்தில் இருந்த சொல், ஹின்ட்.

விளைவு, ஊரில் பார்வை மங்கிய அத்தனை பேருக்கும் ஹின்ட்டின் பூர்வீகம் அத்துப்படி. இறுகப் பிடிப்பது, கைப்பற்றுவது என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்று இருந்ததாம். அதிலிருந்து பிறந்திருக்கலாமாம். முதலில் கைக்குச் சிக்குகிற சந்தர்ப்பத்தைக் குறித்து, போகப்போக மெலிந்து, பூடகமாகச் சொல்லும் சின்னக் குறிப்பு என்று ஆகிவிட்டதாம். "பிறந்திருக்கலாம்" என்று அகராதியே பட்டும்படாமல்தான் சொல்கிறது. கடையிலேயே இருந்தும் அந்தப் பத்தியைப் படிக்காதவர் லென்ஸ்காரர். கண் அவ்வளவு நன்றாக இருந்தது.

ஜாடையக்காவும் வருகிறவர்களின் முகத்தைத்தான் பார்ப்பாளே தவிர, அவர்கள் படிப்பதைக் காதில் வாங்கியதில்லை. ஒருநாள் பஸ் டிரைவர் ஒருவர் புதுக் கண்ணாடியைப் போட்டு முழுப் பத்தியையும் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிடிக்கிறதுலேர்ந்துதான் இந்த வார்த்தையே வந்திருக்கு போல. அப்ப யாரும் பிடிக்கலன்னா அது ஹின்ட் இல்ல, சும்மா புலம்பல்தானேக்கா?"

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். ஜாடையக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. விறுவிறுவென்று பின்னறைக்குப் போனாள். லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் தண்ணீரைத் தெளித்தபடி கத்திக்கொண்டிருந்தது. ஸ்விட்சை அணைத்தாள்.

"எனக்கு உங்களக் கட்டிக்கணும்."

லென்ஸ்காரர் கையிலிருந்த லென்ஸைச் சட்டையில் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"கடையில எல்லாரும் உங்கள அக்கான்னு கூப்பிடறாங்க. முதலாளிகூட. நான் ஒருநாளாவது கூப்பிட்டிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தாள். இல்லைதான். 'இங்க பாருங்க' என்பார், 'கொஞ்சம் கேளுங்க' என்பார், ஒன்றும் தோன்றாவிட்டால் இருமுவார்.

"மரியாதை தெரியாதவர்னுல்ல நெனச்சேன்."

"அதுதாங்க என் ஜாடை."

"அப்ப அந்த ரேடியோ?"

"அது நிஜமாவே ரேடியோதாங்க. வீட்டுல ரேடியோ இல்ல போலன்னு நெனச்சிட்டேன்."

மாதக் கடைசி நெருங்கிவிட்டதால் அன்று சாயங்காலமே இருவரும் அவள் வீட்டுக்குப் போனார்கள். நேராகப் பேசிய சூடு இன்னும் ஆறாததால், செருப்பைக் கழற்றும்போதே மகள் சொன்னாள்: "அம்மா, நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம்."

அம்மாவின் நெற்றி சுருங்கியது. இந்தப் பெண் எதையோ சொல்ல வருகிறாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்கிறாளா? அடுப்பில் ஏதாவது தீய்கிறதா? அப்பாவை உள்ளே கூப்பிட்டுக் கலந்து பேசினார். அப்பா தண்ணீர்க் குழாயை இறுக்க மூடிவிட்டு வந்தார். அதுவும் இல்லை என்று தெரிந்ததும் அம்மா விருந்தாளியிடமே வந்துவிட்டார்.

"தம்பி, நீங்களாவது சொல்லுங்க. இவ என்னதான் சொல்ல வர்றா?"

"கல்யாணம் பண்ணிக்கறோம்னு சொல்றாங்கம்மா."

"அது காதுல விழுந்துச்சு தம்பி. அதுக்குள்ள என்ன வச்சிருக்கான்னு கேக்கறேன்."

மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். லென்ஸ்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, யாரிடமோ சொல்வதுபோல, "இப்பல்லாம் கல்யாண ஹால் கிடைக்கறதே கஷ்டமா இருக்காமே" என்றார்.

அம்மாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "இத வந்ததும் சொல்றதுக்கென்னடி?" என்று மகளைக் கடிந்துகொண்டு, மாப்பிள்ளைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.