மகள் பெயரில் ஒரு நிவாரணக் கடன்

எங்கள் சாப்பாட்டுக் கடையின் வியாபாரப் பதிவுச் சான்றிதழில், உரிமையாளர் என்ற இடத்தில் என் மகளின் பெயர் இருக்கிறது. கடையை நடத்துபவர் என் கணவர். கடிதங்களையும் கணக்கையும் பார்ப்பவள் நான். மகள் அந்தக் கடையில் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. விடுமுறையில் வந்தால் காசு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வடை தின்பாள், அவ்வளவுதான்.

இப்படி ஆனதற்குக் காரணம் ஜாதகம். பேராதனையில், பல்கலைக்கழகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் கடந்து செல்லும் தெருவில், அந்தக் கடையை வாடகைக்குப் பிடித்த சமயம் அது. என் கணவருக்கும் எனக்கும் ஒரே ராசி. இரண்டு பேருக்கும் ஏழரைச் சனி ஆரம்பம், மகளுக்குக் குரு நல்ல இடத்தில் இருக்கிறது, அவள் பெயரில் பதியுங்கள் என்று ஜோதிடர் சொன்னார். எங்கள் சொந்தக்காரர்களின் கடைகளில் பாதி இப்படித்தான். மனைவி பெயரில், மருமகள் பெயரில், அந்த வருடம் யாருக்கு ராசி நன்றாக இருந்ததோ அவர் பெயரில். மகளுக்கு அப்போது பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப் போனோம். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வரும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தோம். அதை ஒரு பொறுப்பாக எங்கள் மூவரில் யாரும் நினைக்கவில்லை. நான் கணக்கியல் படித்தவள். எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

கொரோனா வந்தபோது அவள் வேறு ஊரில் பல்கலைக்கழக மாணவி. விடுதியை மூடியதும் இரண்டு பைகளோடு பிலிமத்தலாவையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பேராதனை மாணவர்களும் அதே நாட்களில்தான் தங்கள் ஊர்களுக்குப் போனார்கள். அடுத்து, ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்க யாரையும் விடவில்லை. எங்கள் வாடிக்கையாளர்கள் இந்த இரண்டு வகையினர்தான். பிறகு ஊரடங்கு. சமையல்காரர் பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலுள்ள தன் வீட்டுக்குப் போனவர் திரும்பி வர முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். கடையிலிருந்த அரிசியையும் உருளைக்கிழங்கையும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உருளைக்கிழங்கு கட்டிலுக்கடியில் முளைத்தது.

உதவிக்கு முன்னால் வந்தது அறிவுரை. ஊரடங்கைத் தளர்த்திய வாரம் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஒரு தாளைக் கொடுத்தார். ஒரு மேசைக்கு ஒருவர், வாசலில் கைகழுவத் தண்ணீர், வருகிறவர்களின் பெயரும் போன் நம்பரும் எழுத ஒரு கொப்பி, வரிசைக்கு இடைவெளி. என் கணவர் எல்லாவற்றையும் செய்தார். காலால் மிதித்தால் தண்ணீர் வரும்படி ஒரு பீப்பாயைத் தானே பொருத்தினார். வாசலில் மஞ்சள் பெயின்ட்டால் வட்டங்கள் போட்டார். இரண்டாம் முறை வந்து பார்த்த பரிசோதகர், இந்தத் தெருவிலேயே ஒழுங்கான கடை இதுதான் என்றார். அந்த வட்டங்களுக்குள் ஒரு நாயைத் தவிர யாரும் நின்று நான் பார்க்கவில்லை. கொப்பியின் முதல் பக்கத்தில் இருந்த ஒரே பெயர் பரிசோதகருடையது.

கடைவாடகை மூன்று மாதம் நின்றது. கட்டடச் சொந்தக்காரர் நல்ல மனிதர். ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து எங்கள் உடல்நலத்தை மட்டும் விசாரிப்பார். அந்த விசாரிப்பைத் தாங்க முடியாமல் இருந்த நேரத்தில்தான், பதிவு செய்த சிறு வியாபாரங்களுக்கு வங்கிகள் குறைந்த வட்டியில் நிவாரணக் கடன் தருவதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். முதல் சில மாதங்கள் தவணை கட்டத் தேவையில்லை. விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். உரிமையாளர் என்ற இடத்தில் கணவரின் பெயரை, யோசிக்காமல், அழகான எழுத்தில் எழுதினேன்.

அப்போது வெளியே போக அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு கிழமை. எனக்குத் திங்கள், கணவருக்குச் செவ்வாய், மகளுக்கு வியாழன். ஒரே வீட்டில் இருந்த மூன்று பேர் சேர்ந்து ஓர் இடத்துக்குப் போக முடியாது. ஆகவே திங்கட்கிழமை நான் மட்டும் பத்திரங்கள் வைத்த கோப்போடு வங்கிக்குப் போனேன்.

கடன் பிரிவில் ஒரு முஸ்லிம் பெண் இருந்தாள். இளவயது. விண்ணப்பத்தையும் சான்றிதழையும் அருகருகே வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, சேட்டிபிகேட்ல ஈக்கிற இந்தப் பேரு யாரு?"

"எங்க மக."

"எத்தின வயசு?"

"இருபத்தொண்ணு. கேம்பஸ்ல படிக்கிறா."

"அப்ப முதலாளி அவதான். நீங்க ரெண்டு பேரும் அவட கடையில வேல செய்ற ஆக்கள்." மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் சிரித்தன. "சம்பளம் ஒழுங்கா தாறாவா?"

நானும் சிரித்தேன். அவள் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அக்கா, ஒண்டு வெளங்கிக்கோங்க. லோன் அவட பேர்லதான் விழும். கட்டாட்டி பேரு கெடுறதும் அவக்குத்தான். நாளைக்கு அவ வேலைக்குப் போய் ஒரு லோன் கேட்டா, எந்த பேங்க்லயும் இது தெரியும். நல்லா யோசிச்சிட்டு அவவ வரச் சொல்லுங்க."

கடையை என் பெயருக்கு மாற்றிவிட்டு வரலாமா என்று கேட்டேன். அலுவலகங்கள் பாதி ஆட்களோடு வேலை செய்கின்றன, அது முடிவதற்குள் இந்தக் கடன் திட்டம் முடிந்துவிடும் என்றாள்.

வீட்டில் சொன்னபோது என் கணவருக்கு இதில் ஒரு பிரச்சினையும் தெரியவில்லை. "ஒரு கையெழுத்துத்தானே. கடைய நடத்துறது யாரு? நானு. கட்டப்போறது யாரு? நானு. அவளுக்கு என்ன வந்துச்சு?"

மகள் போனில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தவள் காதிலிருந்து கம்பியை எடுத்தாள்.

"சனி உங்களுக்குன்னுதானேப்பா என் பேர்ல வச்சீங்க. அந்தச் சனி பேங்க் கடனோட எனக்கு வராதா?"

"கிண்டல் பண்ணாத பாப்பா."

"கிண்டல் இல்லப்பா. நான் போடாட்டி என்ன ஆகும்?"

அவள் போடாமல் இருக்கலாம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். எனக்கும்தான். "கடைய மூடணும்" என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் போய் ஏற்கெனவே நனைந்திருந்த பீன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க சொல்லுங்க. போடவா, வேணாமா?"

"உன் இஷ்டம் பாப்பா" என்றேன்.

அதை அவளுக்குக் கொடுத்த சுதந்திரம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். வங்கிப் பெண் சொன்னதையெல்லாம் நான் ஒன்று விடாமல் அவளிடம் சொல்லியிருந்தேன். இரண்டு பக்கமும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். போடு என்று சொல்லி அந்தப் பாரத்தை அவள்மேல் ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. போடாதே என்று சொல்லிக் கடையை மூடவும் தைரியம் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து அவளிடமே கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை அவள் தனியாகப் போனாள். கோப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தேன். கிருமிநாசினிப் போத்தல் ஒன்று, மேலதிகமாக ஒரு மாஸ்க். எட்டரை மணி பஸ். மத்தியானம் வரை ஜன்னல் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அவள் போட்டுவிட்டு வர வேண்டும் என்று விரும்பினேனா, போடாமல் வர வேண்டும் என்று விரும்பினேனா என்று இப்போது யோசித்தாலும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு மணிக்கு வந்தாள். கை கால் கழுவிவிட்டு, உடுப்பை மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"போட்டுட்டேன். ஆனா நீங்க கேட்டதுல பாதிதான் கேட்டேன்."

"பாதியா?" என்றார் கணவர். "பாதிய வச்சுக்கிட்டு நான் அடுப்புல பாதியத்தான் பத்த வைக்கணும்."

"பாதியத்தான் பத்த வைங்கப்பா. உக்காந்து சாப்பிட யாரும் வரப்போறதில்ல. ஆஸ்பத்திரியில வேல செய்றவங்களுக்கு பார்சல் மட்டும் போடுங்க."

"அதென்ன கணக்கு, பாதின்னு?"

அவள் கோப்பிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தாள். மாதத் தவணையை அந்த வங்கிப் பெண்ணிடம் கேட்டு எழுதி வந்திருந்தாள். முழுத் தொகைக்கு எவ்வளவு, பாதிக்கு எவ்வளவு. பாதிக்கான தவணைக்குக் கீழே, டியூஷன் வகுப்பு இரண்டு, பிள்ளைகள் இத்தனை பேர் என்று பெருக்கல் இருந்தது.

"கடை ஓடாட்டி நான் டியூஷன் குடுத்துக் கட்டணும்லம்மா. அதுல இவ்வளவுதான் ஏலும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

கடை ஓடாது என்பதை வைத்துத்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். எங்களை அதில் சேர்க்கவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் கணவர் கடைக்குப் போய் மேசைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் அடுக்கிவிட்டு வந்தார். பார்சல் மட்டும் போட்டோம். தாதிமாரும் துப்புரவு வேலை செய்கிறவர்களும் வாங்கினார்கள். வாடகை பாக்கியைச் சிறிது சிறிதாகத் தீர்த்தோம். மாணவர்கள் வந்தார்கள், மறுபடியும் போனார்கள், மறுபடியும் வந்தார்கள். பிறகு சமையல் எரிவாயு கிடைக்காத மாதங்கள் வந்தன, விறகில் சமைத்தோம். தவணைக் காலத்தை இரண்டு முறை நீட்டினார்கள். மகள் படிப்பை முடித்துக் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் டியூஷன் கொடுக்க வேண்டி வரவில்லை. கடை ஓடுகிறது. கடன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது முடியும் வரை பதிவில் பெயரை மாற்ற முடியாது.

தவணை நாளன்று காலையில் அவள் போன் வரும். "கட்டியாச்சாம்மா?" என்றுதான் முதலில் கேட்பாள். சாப்பிட்டீர்களா, அப்பா எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

போன வருடம் என் கணவர் காய்ச்சலில் படுத்ததால் ஒன்பது நாள் கடை திறக்கவில்லை. அந்த மாதம் கையில் காசு இல்லை. தவணை நாள் தாண்டி இரண்டாம் நாள் அவள் மறுபடியும் கேட்டபோது, கட்டியாச்சு என்று சொல்லிவிட்டேன். "சரிம்மா" என்றாள். அப்பாவின் காய்ச்சலைப் பற்றி விசாரித்தாள்.

அதற்கு மூன்று நாள் கழித்துக் காசோடு வங்கிக்குப் போனேன். தவணை பிந்தியதற்குக் கடிதம் ஏதும் வீட்டுக்கு வருமா என்று, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். அங்கே இப்போது வேறொருவர் இருக்கிறார். கணினியைப் பார்த்துவிட்டு, கடிதம் இல்லை, கடன் வாங்கியவரின் போனுக்கு மெசேஜ் மட்டும்தான் போகும், அது முந்தாநாளுக்கும் முதல் நாளே போய்விட்டது என்றார். கணக்குப் பார்த்தேன். அவள் என்னிடம் மறுபடியும் கேட்ட நாள் அது.

அடுத்த மாதம் அதே நாள் காலையில் போன் வந்தது.

"கட்டியாச்சாம்மா?"

"இன்னும் இல்ல பாப்பா. நாளைக்குக் கட்டிருவேன்."

"சரிம்மா" என்றாள், போன தடவை சொன்ன அதே குரலில்.