பொட்டு வைத்த பேனல்கள்

மூன்று வருடத்துக்கு முந்தைய தை மாதம், கொல்லிமலையில் செம்மேட்டுக்குப் பக்கத்து ஊரில் தொடங்கியது இது. அப்போது நான் சேலத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். சோலார் பேனல் மேல் அழுக்கு படிந்தால் மின்சாரம் குறையும். அதற்காகக் கண்ணாடி மேல் நானோ துகள்களால் ஒரு பூச்சு பூசியிருந்தேன். கண்ணுக்கே தெரியாத பூச்சு. பனியும் மழையும் பட்டால் அழுக்கு தானாக வழுக்கிக்கொண்டு போய்விட வேண்டும். நாலு வருட உழைப்பு அது.

பனியும் உண்டு, ஜீப் போனால் எழும்பும் செம்மண் புழுதியும் உண்டு என்பதால் கொல்லிமலையைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு விவசாயி, தன் வீட்டை ஒட்டி மரவள்ளி, அங்கே சொல்வதுபோல் குச்சிக்கிழங்கு, போட்டிருந்த காட்டு ஓரத்தில் இடம் கொடுத்தார். பூச்சு பூசிய பேனல் ஆறு, பூசாதது ஆறு. புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் எங்கள் ஆய்வகத்தில் எதையும் தொடங்க மாட்டோம். என் ஆறு பேனல்களின் சட்டத்துக்கு மட்டும் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டினேன். மற்ற ஆறும் கடையில் வாங்கியவைதானே என்று விட்டுவிட்டேன். அந்த வீட்டுப் பெண், என் வயதுதான் இருக்கும், கன்றுக்குட்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் “ஆடு மாடு கிட்ட வராம பாத்துக்குங்க” என்றேன். அதோடு சரி.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய், மதியம் அளவெடுத்துவிட்டு இறங்கிவிடுவேன். ஆறு மாதத்தில் முடிவு பிரமாதம்! பூசாத பேனல்களில் புழுதி அப்பிக் கிடந்தது. என்னுடையவை பளிச்சென்று இருந்தன. என் வழிகாட்டிப் பேராசிரியர் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தலைகால் புரியாமல் ஆடினேன். அத்தனை மழையிலும் குங்குமம் அழியாமல் இருக்கிறதே என்று, படித்த எனக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை பாருங்கள்.

ஆய்வேட்டுக்குக் காலை வெயிலில் படம் எடுக்க வேண்டும் என்று ஒருமுறை முந்தின நாளே போய்ச் செம்மேட்டில் தங்கினேன். விடிந்ததும் காட்டுக்குப் போனால், அந்தப் பெண் குளித்த ஈரத்தலையோடு நின்று, என் ஆறு பேனல்களையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“யாருங்க உங்களைத் துடைக்கச் சொன்னது?” என்று கத்தினேன்.

அவள் விழித்தாள். “பொட்டு வெச்ச சாமானை அழுக்கா உடலாமுங்களா? டெய்லி காலைல தொடச்சுருவனுங்க. பொட்டு அழிஞ்சாலும் நானே வெச்சுருவேன். மத்தது வெறும் கண்ணாடிதானுங்களே!”

வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டேன். அவள் துணியைப் பிசைந்தபடி, “என்னால உங்க படிப்பு கெட்டுப்போச்சுங்களா மேடம்?” என்றாள். கண் கலங்கியிருந்தது. அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

இறங்குகிற எழுபது வளைவிலும் ஒரே நினைப்புதான். இது யாருக்குத் தெரியப்போகிறது? அவளும் நானும் சொல்லாவிட்டால் பட்டம் கையில். உண்மையைச் சொல்கிறேன், அன்று ராத்திரி வரை அப்படித்தான் இருந்தேன். ஆனால் அந்தப் பேனலை நம்பி நாளைக்கு ஒருத்தர் தன் வீட்டுக் கூரையில் மாட்டினால், தினமும் ஏறித் துடைக்க அவளா போவாள்? மறுநாள் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “திரும்ப முதல்ல இருந்து வைம்மா” என்றார்.

மறுபடி மலை ஏறினேன். முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, எது பூசியது, எது பூசாதது, ஏன் யாரும் துடைக்கக் கூடாது என்று உட்கார்ந்து சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். “ஏனுங்க, இதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கையக் கட்டிக்கிட்டு இருந்திருப்பனுங்களே!” என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இடம் கொடுத்த வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லத் தோன்றாத நான்தான் அவளைத் திட்டியிருக்கிறேன்.

அடுத்த ஆறு மாதமும் நடுநடுவே போன் செய்வாள். “பாக்கச் சகிக்கலீங்க மேடம், ஆனா தொடல” என்பாள். இந்தமுறை என் பூச்சு ஓரளவுதான் வேலை செய்தது. முன்பு கிடைத்த முடிவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதையே எழுதினேன், பட்டமும் கிடைத்தது.

யாராவது என் ஆய்வைப் பாராட்டினால், தினமும் காலையில் அழுக்குக் கண்ணாடியைப் பார்த்தும் கை நீட்டாமல் கடந்துபோன அந்தப் பெண்தான் இன்றைக்கும் என் நினைவுக்கு வருகிறாள். அந்த ஆய்வில் இருக்கும் உண்மையில் பாதி அவள் காப்பாற்றிக் கொடுத்தது.