அறுநூறு மில்லிமீற்றரும் ஒரு சிட்டுக்குருவியும்

மண்டைதீவுப் பக்கம் வந்து நிற்கும் பூநாரைகளின் இறகை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுவேன் என்று இங்கே உங்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காக இன்று மனைவியோடு யாழ்ப்பாண ரவுனில் கமெரா லென்ஸ் வாங்கப் போனேன்.

கடைக்காரர் நானூறு மில்லிமீற்றர் ஒன்றையும் அறுநூறு ஒன்றையும் எடுத்து வைத்தார்.

"நானூறு காணும். உதைத் தூக்கினால் உங்கடை நாரியெலும்பு முறியும்," என்றார் மனைவி.

நானூறு சாதாரண மனிதர்களுக்கு. நான் பீரங்கி போன்ற அறுநூற்றைக் கமெராவில் பூட்டித் தூக்கினேன். குருவி கூடு கட்டட்டும் என்று கடைக்குள்ளேயே ஒரு மண்முட்டி தொங்கவிட்டிருந்தார்கள். அதன் விளிம்பில் இருந்த சிட்டுக்குருவியைக் குறிவைத்தேன். லென்ஸ் உறுமியது. குருவி தெளியவில்லை.

"அண்ணை, உதுக்கு மூண்டு மீற்றராவது தள்ளி நிக்கோணும். பின்னுக்குப் போங்கோ," என்றார் கடைக்காரர்.

தீப்பெட்டியளவு கடை. மூன்று மீற்றர் பின்னுக்குப் போனால் நடுவீதி. குருவி தெளிந்த அந்த வரலாற்றுக் கணத்தில் ஒரு மினிபஸ் குறுக்கே வந்து நின்றது.

"பருத்தித்துறையோ அண்ணை? கெதியா ஏறுங்கோ," என்றார் நடத்துநர்.

பஸ் போனது. குருவியும் முட்டிக்குள் போய்விட்டது. மனைவி அதற்குள் கைபேசியில் ஆறு படம் எடுத்திருந்தார். ஆறிலும் குருவி சிரிக்கிறது.

அறுநூற்றையே வாங்கிவிட்டேன். மானம் என்று ஒன்று இருக்கிறதே.

மூன்று மீற்றருக்கு அப்பால் மரியாதையாக உட்காரும் பறவை உங்கள் ஊரில் இருந்தால் அறியத் தாருங்கள். மனைவிக்குத் தெரியாமல் வருகிறேன்.