வருத்தத்தை மறைத்துப்போன குணரத்தினம் அண்ணை

குணரத்தினம் அண்ணை காலமான செய்தி சென்ற செவ்வாய் காலை வந்தது. அவருடைய மனைவி ராணி அக்காதான் தொலைபேசியில் சொன்னார். "தம்பி, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்."

லண்டனில் மகள் வீட்டில் நிற்பதாக அல்லவா அண்ணை மாதக்கணக்காக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி, இஞ்சை பிக்கரிங் வீட்டிலதான் கிடந்தவர். கான்சர்."

அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணை ஊரில் சித்திர ஆசிரியராக இருந்தவர். இங்கே மில்லிக்கனில் எங்கள் முதியோர் ஒன்றுகூடலில் மாதம் ஒருமுறை திரையில் ஓவியங்கள் காட்டிப் பேசுவார். அந்தக் கூட்டங்களை ஒழுங்குசெய்பவன் நான். உலகத்தில் வேறு ஓவியமே இல்லாததுபோல, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் வரைந்த நோயாளிகளையே கொண்டுவருவார். காசநோயில் வெளிறிய பெண், வெறுமையான தொட்டில், உயிர் பிரிந்த மனைவியின் முகத்தில் மாறும் நிறங்களைக் கண்ணெடுக்காமல் தீட்டிய கணவன். தைப்பொங்கலுக்கும் இதேதான். பொங்கல் சாப்பிட வந்தவர்கள் என்னைத்தான் பிடித்துத் தின்றார்கள்.

"அண்ணை, நல்ல நாளிலையாவது ஒரு பூச்சாடியைக் காட்டக்கூடாதே?" என்று கேட்டேன்.

"நாங்கள் நோயாளியிட்ட வருத்தம் பாக்கப் போனா என்ன செய்யிறம்? அப்பிள் பையை வைச்சிட்டு, வெதரைப் பற்றிக் கதைச்சிட்டு வாறம். வருத்தத்தின்ர பேரைக்கூடச் சொல்லமாட்டம். இந்த ஓவியங்களைக் கீறினவங்கள் பக்கத்தில இருந்து முகத்தைப் பாத்தவங்கள், ஐசே!"

ஒருமுறை ஓர் அன்ரி பொறுக்கமாட்டாமல் எழுந்துபோய் புரொஜெக்டரின் வயரைப் பிடுங்கிவிட்டார். அண்ணை வெறும் திரையைக் காட்டியே பேசி முடித்தார்.

இப்படி எங்கள் உயிரை வாங்கியவர், தன் முறை வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். லண்டனில் ஒரே மழை என்று போனில் சொன்னார். குடை கொண்டு போங்கோ என்றேன் நானும். ஊருக்குத்தான் உபதேசம்!

உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மலர்ச்சாலையில் ராணி அக்காவிடம் கேட்டே விட்டேன். "என்னையாவது கூப்பிட்டிருக்கலாமே அக்கா?"

"கேட்டனான் தம்பி. 'அவன் வந்தா அழுவான். பிறகு நான்தான் எழும்பியிருந்து அவனுக்கு ஆறுதல் சொல்லவேணும். எனக்கு ஏலாது' எண்டிட்டார்."

அப்போதுதான் அழுதேன். அவர் சொன்னதும் சரிதான் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெட்டியருகே போனால் அங்கும் ஏமாற்றம். கன்னத்தில் ரோஸ் நிறம் பூசி, உதட்டுக்கும் சாயமிட்டு, மாப்பிள்ளை போலக் கிடத்தியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அண்ணை அவ்வளவு சுகமாகத் தெரிந்ததில்லை. வலது கைக்கு மட்டும் பூச்சுப் போதவில்லை. ஊசி ஏற்றிய இடம் ஊதாவாகவும் விளிம்பில் மஞ்சளாகவும் கன்றியிருந்தது.

"கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ தம்பி, சனம் நிக்குது" என்றார் பின்னால் ஒருவர்.

நான் விலகவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பார்த்துவிட்டேன் அண்ணை. இனிப் போய் வாருங்கள்.