ரிவர்ஸ் மாமாவின் ராஜா

என் மாமா பஸ் டிப்போவில் டிரைவர். ஊருக்குள் ஓட்டுபவர் அல்ல. வந்து சேரும் பஸ்களைப் பின்னுக்கு எடுத்து, கண்ணாடி உரசாமல் வரிசையில் சொருகுபவர். இருபது வருடத்தில் முன்னால் போனதைவிடப் பின்னால் போனதே அதிகம். அதனால் ரிவர்ஸ் மாமா.

பக்கவாதம் வந்தபின் வலது கை மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. திங்கட்கிழமை டிப்போ டாக்டர் சோதிப்பார். தேறினால் ஸ்டியரிங், இல்லாவிட்டால் வீடு.

கைப்பயிற்சிக்கு சோடா மூடிகளை வைத்துச் செக்கர்ஸ் ஆடினோம். சாதாரணக் காய் மூலைவாக்கில் முன்னால் மட்டும் போகும். எதிராளியின் கடைசி வரிசையைத் தொட்டால் தலையில் இன்னொரு மூடி ஏறி ராஜாவாகும். "ராஜாவுக்குத்தான் ரிவர்ஸ் கியர்" என்பார் மாமா. ஆனால் எந்தப் பக்கம் போனாலும் ஒரு கட்டம்தான். பக்கத்தில் எதிரி, அவனுக்குப் பின்னால் காலிக் கட்டம் என்றால் தாண்டி வெட்டலாம். இறங்கிய இடத்திலும் வெட்டு இருந்தால் அதே மூச்சில் அதையும். வெட்டு இருந்தால் வெட்டியே ஆக வேண்டும். வேண்டாம் என்று சொல்ல ராஜாவுக்கும் வழியில்லை.

டிப்போக்காரர்கள் சேர்த்த சட்டம் ஒன்று: நகர்த்தும்போது மேல்மூடி விழுந்தால் பதவி காலி. மாமாவின் ராஜாக்கள் ஒரு கட்டம் தாண்டுவதற்குள் மொட்டையானார்கள்.

"விடுங்க மாமா, இதைக் கணக்குல எடுக்க வேணாம்."

"சட்டம்னா சட்டம்தான் மருமகளே. உன் இரக்கத்தை உங்கம்மா சமையலுக்கு வச்சுக்கோ."

சனிக்கிழமை இரண்டு மூடிகளைப் பசை போட்டு ஒட்டினேன். முடிசூட்டுவது என் வேலை என்பதால், மாமாவின் காய் கடைசி வரிசையைத் தொட்டதும் அதை எடுத்துவிட்டு அந்த ஜோடியையே வைத்தேன். மாமாவின் ராஜா முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு காய்களை வெட்டியது. மூடி விழவில்லை. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா?" என்றார் மெதுவாக.

நாள் முழுக்கப் புளுகும் என் வாய்க்கு அப்போது உண்மை வரவில்லை. ஞாயிறும் மாமாவுக்கு அதே ஜோடிதான் ராஜா; ஆட்டம் பாதியில் நின்றது, காய்கள் பலகையிலேயே இருந்தன.

திங்கள் மதியம் மாமா திரும்பி வந்தார். சட்டையெல்லாம் தண்ணீர்.

"டம்ளரைத் தூக்கச் சொன்னாரு. பாதி அவரு மேசையில, மீதி என் மேல."

"இன்னொரு தடவை பாக்க மாட்டாங்களா?"

"ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னுதான் முதல்ல சொன்னாரு. நான்தான் கை சரியாயிடுச்சு, இன்னைக்கே பாருங்கன்னேன்."

பலகையின் முன் உட்கார்ந்து, தன் ராஜாவை இடது கையால் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். மூடி விழவில்லை.

"உன் ராஜாவுக்கும் ஒட்டினியா?"

"இல்ல மாமா."

அதை இருந்த கட்டத்திலேயே திரும்ப வைத்தார்.

"உன் ஆட்டம்தான். வெட்டு இருக்கு பார்."

இருந்தது. வெட்டுப்பட வேண்டியது மாமாவின் அந்த ராஜாவேதான்.

"வேற காயை நகர்த்துறேனே."

"சட்டம்."

தாண்டி இறங்கினேன். ஒட்டிய இரண்டு மூடிகளும் ஒன்றாகவே என் கைக்கு வந்தன.