அறுபது பெண்களும் ஒரே பதிலும்

பெபிஷா நீட்டிய அட்டவணைகளை அவளுடைய ஆய்வு வழிகாட்டி கிருஷ்ணமணி சார் வாங்கினார். இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு கட்டை அப்படியே மேசையில் எறிந்தார்.

"அறுபது பொம்பளைக. அறுபது பேரு வீட்டுலயும் முடிவெடுக்கது புருசனும் பெண்டாட்டியும் சேந்துதான். ஒருத்தியைக்கூட புருசன் கை நீட்டி அடிச்சதில்ல. ஏம்மா, ஒங்க ஊரு கடப்புறமா, மோட்சமா?"

அறையில் இருந்த மற்ற எம்.ஃபில். மாணவர்கள் சிரித்தார்கள்.

"வீட்டுல இருந்து நீயே டிக் அடிச்சிருக்க. நான் இதுல கையெழுத்துப் போடமாட்டேன், கேட்டியா. அடுத்த மாசக் கடைசிக்குள்ள ஆய்வேடு போகல்லேன்னா ஒன் பதிவு காலி. பொறவு இங்க வந்து கண்ணைக் கசக்கப்பிடாது."

பெபிஷா கண்ணைக் கசக்கவில்லை. கீழே விழுந்த இரண்டு தாள்களைக் குனிந்து எடுத்தாள். செய்யாத திருட்டுக்குச் சந்தியில் நிறுத்தப்பட்டவள் போல நிமிர்ந்தாள்.

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் அது. நாகர்கோவிலில் அந்தக் கல்லூரிக்குத் தினமும் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள் பெபிஷா. தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம், அவர்கள் பேச்சில் கடப்புறம். அப்பா மரியஜான் கடலுக்குப் போகிறவர். அம்மா குளோரி தலையில் மீன் கூடை சுமந்து உள்நாட்டு ஊர்களுக்குப் போய் விற்கிறவள். சுனாமிக்குப் பிறகு மீனவக் குடும்பங்களில் பெண்கள் சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. அவள் ஒரு டிக்கைக்கூடப் பொய்யாக அடிக்கவில்லை. அறுபது பெண்களும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள்.

அப்படியென்றால் யார் பொய் சொன்னது?

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. குளோரி முற்றத்தில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, அன்பியத்துல வச்சு நான் கேள்வி கேட்டேனே, எல்லாரும் உள்ளதத்தானே சொன்னாவ?"

அன்பியம் என்பது பங்குக் கோயிலைச் சேர்ந்த முப்பது வீடுகளின் சிறு கூட்டம். வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள். குளோரிதான் அவர்கள் அன்பியத்தின் தலைவி. மகள் வீடு வீடாக அலைய வேண்டாம் என்று ஜெபம் முடிந்த கையோடு பெண்களை உட்கார வைத்தவளும் அவள்தான். பக்கத்து அன்பியத்திலும் அவளே சொல்லி ஏற்பாடு செய்தாள். பெபிஷா கேள்வியை உரக்க வாசித்தாள். பெண்கள் வரிசையாகப் பதில் சொன்னார்கள்.

குளோரி கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "அதெல்லாம் முன்னாலயே பேசிப் பறஞ்சு வச்சது, மக்கா."

"என்னது?"

"சுனாமி முடிஞ்சு வீடு கெட்டித் தாறோம்னு ஒரு கூட்டம் வந்துதே, ஓர்மை இருக்கா? ஒன் வீட்டுக்காரன் குடிப்பானா, அடிப்பானான்னு கேட்டாவ. பாவம், நாலு வீட்டுக்காரிய உள்ளதச் சொன்னாளுவ. குடிச்சே வித்துருவானுவன்னு அந்த நாலு வீட்டுக்கும் வீடு குடுக்கது பொறவு பாக்கலாம்னு ஒதுக்கி வச்சானுவ. ஒரு வருசம் தகரக் கொட்டகைக்குள்ள வெந்தாளுவ. அன்னைக்கு ரெண்டு அன்பியத்துலயும் முடிவு பண்ணினோம். ஆரு தாளத் தூக்கிட்டு வந்தாலும் எல்லா வீட்டுக்கும் ஒத்தப் பதில்."

"நான் ஆரோவா? ஒங்க பிள்ளை இல்லியா?"

"பிள்ளைதான். ஆனா கையில தாளு வச்சிருந்தியே, ஏட்டி."

பெபிஷா கையிலிருந்த கட்டைச் சுவரில் எறிந்தாள். தாள்கள் ஈர முற்றமெல்லாம் பரவின. "ஒங்க ஒத்தப் பதிலால எம் படிப்பு போச்சு. என்னைக் கள்ளின்னு பறஞ்சான் அந்த ஆளு. நாலு பேரு சிரிச்சானுவ."

குளோரி குனிந்து தாள்களைப் பொறுக்கத் தொடங்கினாள். அந்தப் பொறுமை மகளை மேலும் எரித்தது.

பெபிஷா தன் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயத்தை எடுத்தாள். ஆய்வு முறையைச் சொல்லும் அத்தியாயம். 'பதிலளித்தோர் ஒவ்வொருவரும் தனித்தனியே சந்திக்கப்பட்டனர். முன்னோட்ட ஆய்வு நடத்திக் கேள்விகள் திருத்தப்பட்டன' என்று அழகாக அச்சாகி இருந்தது. எந்தப் பெண்ணை அவள் தனியாகச் சந்தித்தாள்? எந்தக் கேள்வியைத் திருத்தினாள்? வடசேரியில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் ஆபேல் அண்ணன் கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்த அத்தியாயம் அது. "இது எல்லாருக்கும் ஒண்ணுதான் மக்கா, ஊரு பேரு மாத்தினா போதும், ஒங்க சாரே இதத்தான் வாங்கச் சொல்லுவாரு" என்று சிரித்தபடி அச்செடுத்துக் கொடுத்தார். வருடா வருடம் எத்தனை பிள்ளைகள் அந்த ஒரே அத்தியாயத்தைச் சுமந்து பட்டம் வாங்கிப் போனார்களோ.

மறுநாள் அந்த அத்தியாயத்தோடு கிருஷ்ணமணி சார் முன்னால் போய் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். தனியாக, எப்படிக் கேட்டால் உண்மை வரும் என்று சொல்லித்தரக் கேட்டாள்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் தணிந்திருந்தது. "அதுக்கெல்லாம் இப்ப எங்க நேரம்? ஒரு காரியம் செய்யி. பதினஞ்சு பேருக்குப் பதிலை மாத்திப் போடு. சதவீதம் கொஞ்சம் கலைஞ்சு வரட்டும். பாக்க நம்புற மாதிரி இருக்கணும், அவ்வளவுதான். கொண்டு வா, கையெழுத்துப் போடுகேன்."

கேட்டவள் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. முந்தின நாள் இதே மேசையில்தானே அவளைப் பொய்க்காரி என்றார்? உண்மையாக வாங்கி வந்த பதில்கள் பொய்யாம். கையால் மாற்றி எழுதினால் உண்மையாம்.

"நேத்து, செய்யாததச் செஞ்சேன்னு சொன்னீங்க. இன்னைக்கு அதையே செய்யச் சொல்லுதீங்க."

"குரல் ஒசருதே?"

"ஒசரும் சார்." அவள் வெளியே வந்துவிட்டாள்.

அந்த ஒரு மாதம் பெபிஷா நடந்த நடையை அந்தக் கடற்கரை மறக்காது. கூட்டம் கிடையாது. கையில் தாள் கிடையாது. மீன் விற்கப் போகிற ஒவ்வொரு பெண்ணோடும் தனியாக நடந்தாள். முதலிலேயே சொல்லிவிட்டாள்: இதனால் வீடு வராது, மீன்பிடி வள்ளம் வராது, இருக்கிறதும் போகாது. உங்கள் பேரை எழுத மாட்டேன். பிடிக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டாம்.

பிரிஜா என்ற இளம்பெண்தான் முதல் ஆள். "அதான் அன்பியத்துல சொன்னோமே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு அடிக்கிறானா என்று நேராகக் கேட்டவள் பெபிஷா. இப்போது வேறு விதமாகக் கேட்டாள்.

"மூத்தவன ஸ்கூலு மாத்தினீங்களே, அது எப்படி நடந்துச்சுன்னு சொல்லுங்க."

பாதி வழியில் பிரிஜா சொல்லத் தொடங்கினாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். முடிக்கும்போது மீன் வெயிலில் வாடிவிட்டது.

சிலர் மறுத்தார்கள். அவர்களை விட்டுவிட்டாள், மறுத்தவர்கள் உண்டு என்பதையும் குறித்துக்கொண்டாள். மற்றவர்கள் சொன்னதை வீட்டுக்கு வந்து, பேர் இல்லாமல், எண் மட்டும் போட்டு எழுதினாள். எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. அப்படிப்பட்ட பதில்கள்.

கடைசியாக மிஞ்சியது குளோரி.

அடுப்படியில் வைத்துக் கேட்டாள். "எம்மா, என்னைக் காலேஜில சேத்தது எப்படி நடந்துச்சு?"

குளோரி சட்டியில் புளியைக் கரைத்துக்கொண்டே சொன்னாள். "ஒங்கப்பன் வேண்டாம்னாரு. நான் சேப்பேன்னேன். வள்ளத்துத் துடுப்ப எடுத்து அடிச்சாரு. கை முறிஞ்சுது. வழுக்கி விழுந்தேன்னு ஒங்கிட்டப் பறஞ்சேன். கெட்டுப்போட்ட கையோட போயித்தான் ஒன்னைச் சேத்தேன்."

பெபிஷா எழுந்தாள். வெளியே மரியஜான் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் குளோரியின் ஈரக் கை அவள் மணிக்கட்டைப் பற்றியது.

"எங்க போற? பேரு வெளிய வராதுன்னு பறஞ்சதாலதான் வாயத் தெறந்தேன். ஊருல உள்ளவளுக்கு ஒரு சத்தியம், அம்மைக்கு ஒரு சத்தியமா?"

பெற்ற வயிறு கேட்ட கேள்வி அது. மகள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல்லைக் கடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து எழுதினாள்.

ஆபேல் அண்ணனின் அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே ஒன்று எழுதினாள். முதலில் பொதுவில் வைத்துக் கேட்டது, அது ஏன் பிழை, இரண்டாவது முறை எப்படிக் கேட்டது, இரண்டு பதில்களுக்கும் எவ்வளவு தூரம், எல்லாவற்றையும். கிருஷ்ணமணி சார் வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"தான் செஞ்ச தப்ப எவனாவது ஆய்வேட்டுல எழுதுவானா? வைவாவுல கிழிச்சுத் தொங்க விடுவாங்க."

"கிழிக்கட்டும் சார். ஆனா கையெழுத்து வேணும். இல்லேன்னா பதினஞ்சு பேருக்கு மாத்தச் சொன்னதத் துறைத்தலைவர்ட்டச் சொல்லுவேன்."

கையெழுத்து விழுந்தது. பேனாவின் அழுத்தம் மறுபக்கம் தெரிந்தது.

செப்டம்பரில் வைவா, வாய்மொழித் தேர்வு. மதுரையிலிருந்து வந்த பெண் தேர்வாளர் மற்ற அத்தியாயங்களைத் தொடவே இல்லை. மூன்றாவதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "இந்த முறையை உனக்கு யாரும்மா சொல்லித்தந்தது?" என்றார்.

கிருஷ்ணமணி சார் முந்திக்கொண்டார். "நான்தான் மேடம், கொஞ்சம் வழிகாட்டினேன்."

அறை நிறைய மாணவர்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"இல்லை மேடம்" என்றாள் பெபிஷா. "சார் சொல்லித்தந்தது, பதினைந்து பேருடைய பதிலை மாற்றிப் போடுவது மட்டும்தான்."

பட்டம் கிடைத்தது. ஆனால் பிஎச்.டி.க்கு அந்தத் துறையில் ஒருவரும் அவளை எடுக்கவில்லை. அதற்காக அவள் ஒரு நாளும் வருந்தியதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் இன்றும் அவள் குரலில் சூடு ஆறுவதில்லை.

வைவா முடிந்து வீட்டுக்கு வந்த சாயங்காலம் மரியஜான் கேட்டார். "பாஸா மக்கா? அப்பிடி என்னத்த எழுதியிருக்க?"

"கடப்புறத்துப் பொம்பளைய பறஞ்சதத்தான்."

"ஒங்கம்மையும் பறஞ்சாளா?"

அடுப்படியில் குளோரியின் அகப்பை நின்றது.

"ஆரு என்ன பறஞ்சான்னு நான் சொல்லமாட்டேன் அப்பா" என்றாள் பெபிஷா. சொல்லிவிட்டு, அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள். மரியஜான்தான் முதலில் தலையைக் குனிந்தார்.